மாதிரி இயந்திரம்

நெடுந்தீவு இயந்திரத்தின் பட்டியலில் அன்று பிற்பகல் ஒரு வரி கூடுதலாக இருந்தது.

தயாபரன் அதை உடனே கவனிக்கவில்லை. கரம்பொன்னில் சோளகக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. கரையில் ஒதுங்கி அழுகிய சாதாளைக் கடற்புல்லின் நாற்றத்தையும் பொடிமணலையும் அள்ளிக்கொண்டு வந்த காற்று, பனைகளில் தொங்கிய காவோலைகளை ஒன்றோடொன்று உரசவைத்து, கடைசியில் வீட்டின் முன்கதவை அடித்துச் சாத்தியது. மனைவி கஜானி வந்து கொண்டியைப் போட்டுவிட்டு மறுபடி குசினிக்குள் போனாள். அவன் சறத்தின் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மடிக்கணினியின் திரையைப் பார்த்தான். இடப்பக்கம் கரம்பொன், அது மேசைக்குக் கீழே இரைந்துகொண்டிருந்த அவனுடைய பழைய கணினிப் பெட்டி. வலப்பக்கம் நெடுந்தீவு. அங்கே வழமைபோல மேலிருந்து கீழ்வரை பச்சை. படங்களைச் சுருக்கும் மென்பொருள் ஒன்றுக்கும் எழுத்துரு மென்பொருள் ஒன்றுக்கும் நடுவில், ஆங்கில எழுத்தில், முன்கதவு என்று இருந்தது.

அதற்கும் பச்சை. நேரம் இரண்டு பதினான்கு. சுவர் மணிக்கூட்டில் இரண்டு பதினைந்து.

பயம் வரவில்லை. முதலில் வந்தது வழமையான எரிச்சல். இதற்கும் பச்சையா?

அவன் வேலை செய்தது, உலகம் முழுக்க இருக்கிற தொண்டர்கள் சேர்ந்து கட்டுகிற ஒரு லினக்ஸ் இயங்குதளத்துக்கு. புதிதாக வருகிற ஒவ்வொரு மென்பொருளும் பழைய முப்பத்திரண்டு பிட் கணினிகளிலும் ஓடுகிறதா என்று பார்க்கவேண்டும். பெரிய கம்பனிகள் அந்தக் கணினிகளை எப்போதோ குப்பையில் போட்டுவிட்டன. புதிது வாங்க வக்கில்லாத பள்ளிக்கூடங்களிலும் கந்தோர்களிலும் அவை இன்னும் ஓடுகின்றன. அவற்றுக்காகத் தயாபரனைப் போன்ற சிலர் பழைய பெட்டிகளை வீட்டில் நிறுத்தாமல் ஓடவிட்டிருந்தார்கள். மனிதன் கைவைக்கத் தேவையில்லை. மென்பொருள் வரும். இயந்திரம் அதை நிறுவும், ஓட்டும், சோதிக்கும், முடிவை அனுப்பும். பிறகு எல்லாவற்றையும் துடைத்து அழித்துவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல அடுத்ததற்காக வெறுமையாக நிற்கும்.

இருக்கிற இயந்திரங்களில் ஒன்றுதான் மாதிரி. மற்றவற்றின் முடிவை அதன் முடிவோடு ஒப்பிடுவார்கள். ஒத்தால் பச்சை. ஒவ்வாவிட்டாலோ பாதியில் நின்றாலோ சிவப்பு. மூன்று தடவை சிவப்பு விழுந்தால் அந்த மென்பொருளைப் பழைய கணினிகளுக்கான பட்டியலிலிருந்து நீக்கிவிடுவார்கள்.

மாதிரி, நெடுந்தீவு. நெடுந்தீவு என்றால் நிதர்சன்.

நிதர்சன் செத்து முப்பத்து மூன்று நாள்.

தயாபரன் கல் சுமந்து வளர்ந்தவன். தகப்பன் சுண்ணாம்புக்கல் கிண்டியவர். தோளில் எப்போதும் வெள்ளைத் தூசு. பதினாறு வயதிலிருந்து இவனும் கல்லும் சீமெந்தும் சுமந்து, பிறகு கிணற்று மோட்டர் திருத்தி, அந்தக் கையாலேயே கணினி பழகினான். யாழ்ப்பாணத்தில் ஒரு வகுப்பில்தான் நிதர்சன் பக்கத்துக் கதிரையில் வந்து இருந்தான். அவனும் சொகுசாக வளர்ந்தவன் இல்லை. தகப்பனோடு கடலுக்குப் போய் வலை இழுத்தவன். அதுதான் பொறுக்கமுடியாதது. பணக்காரன் முந்தினால் காரணம் சொல்லலாம். தன்னைப் போலவே முதுகு வெந்தவன் முந்தினால் என்ன சொல்ல?

ஆறு வருடம் இருவரும் சேர்ந்து செய்தார்கள். ஆறு வருடமும் நெடுந்தீவுதான் மாதிரி. அடுத்த மாதத்திலிருந்து இந்தத் தீவுகளில் ஒரு இயந்திரம் போதும், அதை வைத்திருப்பவர் குழுவின் முழு உறுப்பினர் என்று கடிதம் வந்தது. முழு உறுப்பினர் என்றால் பெயர் குழுவின் இணையப் பக்கத்தில் ஏறும். கல் சுமந்தவனின் பெயர், உலகம் பார்க்கிற பக்கத்தில். தயாபரன் அந்த ஒரு வரியை நினைத்துக்கொண்டு சாப்பிட்டான், நினைத்துக்கொண்டு படுத்தான்.

அந்த நாட்களில்தான் நிதர்சன் தொலைபேசியில் கூப்பிட்டான்.

"தயா, நான் ரெண்டு நாள் கடலுக்குப் போறன். மிஷினை ஒருக்காப் பாத்துக்கொள்ளும். பாஸ்வேட் அனுப்பிவிடுறன்."

தயாபரன் உள்ளே போனான். ஒரே ஒரு வரி எழுதினான். ஆறு சோதனையில் ஒன்று பாதியில் நிற்கும். வேறொன்றும் செய்யவில்லை. நெடுந்தீவில் சிவப்பு விழத் தொடங்கியது. ஒரு கிழமைக்குப் பிறகு நிதர்சன் மறுபடி எடுத்தான்.

"மிஷின் பாதியில நிக்குது, சோலர் பனலில இருந்து கறண்ட் குறையுது போல கிடக்கு. கூரையில ஏறி ஒருக்காப் பாக்கப்போறன், என்ன?"

வெளியே அன்றும் இதே காற்று.

"ஓம், பாரும்," என்றான் தயாபரன்.

அவ்வளவுதான் அவன் சொன்னது. கூரையிலிருந்து விழுந்தவனைப் படகில் ஏற்றிக் குறிகட்டுவான் துறைக்குக் கொண்டுவரும் வழியிலேயே மூச்சு நின்றுவிட்டது. குழுவில் யார் யாரோ முகம் தெரியாதவர்கள் அழுது எழுதினார்கள். அந்த இயந்திரம் ஓடும்வரை அதுவே மாதிரியாக இருக்கட்டும் என்று வாக்களித்தார்கள். செத்தவீட்டுக்கு அடுத்தநாளிலிருந்து நெடுந்தீவில் ஒரு சிவப்பும் இல்லை. தயாபரன் எழுதிய வரி அதற்குள் கிடக்கும்போதே, முழுவதும் பச்சை.

செத்தும் விடுகிறானில்லை.

தயாபரன் தொலைபேசியை எடுத்தான். நிதர்சனின் தமக்கை மேர்சி யாரோ அந்தப் பெட்டியை நோண்ட விட்டிருக்கவேண்டும். நோண்டுகிறவன் கண்ணில் அந்த வரி பட்டால்?

"ஆர், தயாபரன் தம்பியே? ஏன் தம்பி முப்பத்தோராம் நாள் பூசைக்கு வரேல்லை?"

"கடல் சரியில்லை எண்டு சொன்னவை அக்கா."

"கஜானிக்கு மட்டும் கடல் சரியாக் கிடந்ததோ? பாவம், தனிய வந்து நிண்டு அழுதுபோட்டுப் போனா."

அவன் குசினிப் பக்கம் பார்த்தான். திருவலையில் தேங்காய் உரசும் சத்தம். முந்தநாள் யாழ்ப்பாணத்துக்குத் துணி எடுக்கப் போகிறேன் என்றல்லவா சொன்னாள்.

"அக்கா, அவற்ர மிஷினை ஒருக்கா நிப்பாட்டிவிடுறீங்களே?"

"எந்த மிஷின், உந்தக் கொம்பியூட்டரோ? அதைச் செத்தவீட்டண்டைக்கே கழட்டிப்போட்டம். வெறும் பெட்டிக்கு மேல மாதா சுருவம் வைச்சு மெழுகுதிரி கொளுத்திறம். அந்த அறைக்குக் கறண்டே இல்லை. ஏன், என்னவாம்?"

"ஒண்டுமில்லை அக்கா."

"உம்மோடதான் தம்பி கடைசியாக் கதைச்சவன். என்ன சொன்னனீர் அவனுக்கு?"

அவன் அழைப்பைத் துண்டித்தான்.

பட்டியலில் இன்னொரு வரி ஏறியிருந்தது. விறாந்தை. பச்சை.

முடிவுகள் எந்த இணைப்பிலிருந்து வருகின்றன என்று தேடிப் பார்த்தான். இணைப்பின் இலக்கங்களை இரண்டு தடவை வாசித்தான். நெடுந்தீவின் முடிவுகள் இந்த வீட்டிலிருந்து போய்க்கொண்டிருந்தன.

எப்படி என்று அவனுக்கு விளங்கியது. விளங்கியதனால் நிம்மதி வரவில்லை. ஆறு வருடத்துக்கு முன், தீவில் இணையம் ஆமை வேகத்தில் வந்த நாளில், இதே மேசையில் வைத்து ஒரே ஒரு வன்தட்டை நிரப்பி, அதை அப்படியே மற்றதற்குப் பிரதி எடுத்தார்கள். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தனியாக இருக்கவேண்டிய அடையாள இலக்கமும் சேர்ந்து பிரதியாகிவிட்டது. மேலே பெயரை மட்டும் மாற்றினார்கள். "ஒரு தாய்ப் பிள்ளையள்" என்று நிதர்சன் சிரித்தான். குழுவின் கணினிக்குக் கரம்பொன்னும் நெடுந்தீவும் ஒரே உடம்பு. பெயர் மட்டுமே இரண்டு.

குனிந்து, மேசைக்குக் கீழே இருந்த பெட்டியின் வயரைப் பிடுங்கினான்.

விசிறிச் சத்தம் நிற்கவில்லை.

பெட்டியில் கை வைத்தான். அசைவில்லை. உலோகம் ஆறிக்கொண்டிருந்தது. சத்தம் மட்டும், சின்னதாக, சீராக, அவன் மூச்சு விடுகிற இடைவெளியோடு ஒத்து இரைந்துகொண்டிருந்தது. மூச்சை அடக்கினான். சத்தமும் நின்றது. விட்டான். தொடங்கியது.

எழும்பிக் குசினி வாசலுக்குப் போனான். அங்கே தேங்காய்ப் பூவின் ஈர மணம், அடுப்பில் கொதிக்கும் மீன் ஆணத்தின் புளிப்பு, சாம்பல். கஜானி நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நீர் நெடுந்தீவுக்குப் போனனீரோ?"

"ஓம், போனனான். நீங்கள் போகமாட்டியள் எண்டு தெரியும். ஆரெண்டாலும் ஒருத்தர் போகவேண்டாமே?"

"எனக்குச் சொல்லேல்லை."

"சொன்னா உங்கட மூஞ்சையைப் பாக்க ஏலாது. செத்த மனிசனோடயுமே உங்களுக்குப் போட்டி?"

"என்ன போட்டி?"

"எனக்கு விளங்காதெண்டு நினைச்சியளோ? அந்தாள் உங்களைப்பற்றி ஒருநாளும் ஒரு குறை சொன்னதில்லை. எடுக்கிற நேரமெல்லாம் தயா சாப்பிட்டானோ, தயா வேலைக்குப் போனவனோ எண்டுதான் கேக்கும்."

"எடுக்கிற நேரமோ? எப்ப எடுத்தவன்? எத்தினை தரம்?"

கஜானி பதில் சொல்ல வாயெடுத்தாள். அந்த நேரம் வளவுக்குள் கிணற்றுக் கப்பி கிறீச்சிட்டது. ஒருமுறை. மெதுவாக ஒரு வாளி இறங்குகிற சத்தம். தண்ணீரில் படுகிற சத்தம். ஏறுகிற சத்தம். இருவரும் வீட்டுக்குள் நின்றார்கள்.

"காத்து," என்றாள் அவள்.

அவன் திரைக்குத் திரும்பினான். கிணறு. பச்சை.

அது உள்ளே வருகிறது என்று அவனுக்குத் தெரிந்தது. கதவு, விறாந்தை, கிணறு. ஒவ்வொன்றையும் தொட்டு, அசைத்து, மாதிரியோடு ஒப்பிட்டு, சரி என்று ஒப்பமிட்டுக்கொண்டு வருகிறது. அந்த மாதிரி எங்கே எழுதப்பட்டது? நிதர்சன் இந்த வீட்டை எப்போது இவ்வளவு கூர்ந்து பார்த்தான்? கதவு எப்படிச் சாத்தும் என்று, கப்பி எப்படிக் கிறீச்சிடும் என்று?

குசினி. பச்சை. உள்ளே ஏதோ மூடி ஒருதரம் தூக்கப்பட்டு வைக்கப்பட்டது.

பிறகு கஜானி என்று வரி ஏறியது. பக்கத்தில் நிறமில்லை. சோதனை நடந்துகொண்டிருந்தது.

தேங்காய் உரசும் சத்தம் நின்றது.

அவள் அறை வாசலில் வந்து நின்றாள். கை விரல்களில் வெள்ளையாகத் தேங்காய்ப் பூ. கண் அவனைப் பார்க்கவில்லை; அவனுக்கு ஒரு சாண் மேலே எதையோ பார்த்தது. யாரோ கேட்கக் கேட்கச் சொல்வதுபோல, ஏற்ற இறக்கமில்லாமல் சொன்னாள்.

"பேர் கஜானி. தகப்பன் நடராசா. பிறந்த ஊர் காரைநகர். பிள்ளையள் இல்லை."

பிறகு அவள் உதடுகள் அசைந்தன. குரல் வரவில்லை. புருசனின் பெயரைக் கேட்டிருக்கவேண்டும். மூன்று அசைவா, நான்கா, அவனால் எண்ண முடியவில்லை.

பச்சை.

"என்னப்பா, ஏன் இப்பிடிப் பாக்கிறியள்? நான் என்னத்துக்கு இஞ்ச வந்தனான்?" கஜானி தன் கையைப் பார்த்தாள். "தேத்தண்ணி போடவோ?"

"இப்ப என்ன பேர் சொன்னனீர்?"

"ஆற்ர பேர்?"

"உம்மட மனிசன்ர பேர்! என்னெண்டு சொன்னனீர்?"

"விசரே உங்களுக்கு," என்றுவிட்டு அவள் போனாள். சற்று நேரத்தில் ஒரு கோப்பை தேத்தண்ணீரை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனாள். அவன் ஒரே மடக்கில் குடித்தான். நாக்கு வெந்தது. நல்லது. வேகட்டும். நெடுந்தீவுக்காரனின் கணக்கோடு ஒத்த பெயர். அவன் வைத்திருந்த விடையோடு ஒத்த பெயர். பல்லைக் கடித்துக்கொண்டிருந்ததில் தாடை நொந்தது. பயத்துக்கு மேலாகப் பொறாமை நின்றது, வாய்க்குள் துரு மாதிரி.

அடுத்த வரி ஏறியது.

தயாபரன்.

நெஞ்சுக்குள் விசிறி வேகம் பிடித்தது. காது அடைத்தது. யாரோ அவனுடைய கைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி விடுவதுபோல, கண்ணிமையை உயர்த்திப் பார்ப்பதுபோல, வாயைத் திறந்து குரலை இழுத்துப் பார்ப்பதுபோல. வலியில்லை. அவசரமும் இல்லை.

சிவப்பு.

அவன் விபரத்தைத் திறந்தான். மாதிரி ஒரு பக்கம், அவன் மறுபக்கம். உயரம்: ஒத்தது. குரல்: ஒவ்வாதது. தகப்பனின் தொழில்: ஒவ்வாதது. இடக்கை விரல்கள்: எதிர்பார்த்தது மூன்று, கிடைத்தது ஐந்து.

நிதர்சனுக்கு இடக்கையில் மூன்று விரல்தான். படகில் வலை இழுக்கும் வின்சுக் கயிறு இரண்டைக் கொண்டுபோனது.

மீதமுள்ள மீள்சோதனை இரண்டு, என்று கீழே இருந்தது. பக்கத்தில் நிறுத்து என்ற பொத்தான். சுட்டியை அங்கே கொண்டுபோனான். விரல் அதன்மேல் நின்றது.

அழுத்தவில்லை.

ஏன் அழுத்தவில்லை என்று அவன் தன்னைக் கேட்டான். வலப்பக்கம் முழுக்கப் பச்சை. ஆறு வருடப் பச்சை. கதவுக்குப் பச்சை, கிணற்றுக்குப் பச்சை, அவளுக்குப் பச்சை. அந்த வீட்டில் சிவப்பாக நின்றது அவன் மட்டும்.

எல்லாம் ஒன்றுமில்லாமல் போனது. வெளிச்சமில்லை, இருட்டுமில்லை. துடைத்த சிலேட்.

பிறகு கதிரை. மேசை. குடித்து முடித்த தேத்தண்ணீர்க் கோப்பை நிறைந்திருந்தது. ஆவி பறந்தது. நாக்கில் சூடு இல்லை.

தகப்பனை நினைத்துப் பார்த்தான். தோள் வந்தது. தோளில் தூசு இல்லை. ஈர வலை. நூலிலிருந்து சொட்டுகிற உப்புத் தண்ணீர். மீன் செதில். கல்லைத் தேடினான். கிண்டிய குழியைத் தேடினான். கடல்தான் இருந்தது.

சிவப்பு. குரல்: ஒத்தது. தகப்பனின் தொழில்: ஒத்தது. இடக்கை விரல்கள்: ஒவ்வாதது.

மீள்சோதனை ஒன்று.

நிறுத்து என்ற பொத்தான் அங்கேயே இருந்தது. அவன் இடக்கையை மேசையில் விரித்து வைத்தான். அசையாமல் வைத்தான். ஒருமுறை. ஒரேயொரு முறை. அவனோடு ஒத்து.

வெறுமை.

கதிரை. மேசை. ஆவி.

பச்சை.

அவன் சிரித்தான். ஆறு வருடமாக நெஞ்சில் கிடந்த கல்லை யாரோ தூக்கி எறிந்ததுபோல இருந்தது. சிரிப்பு மென்மையாக, தாழ்ந்த குரலில் வந்தது. அவன் அப்படிச் சிரிப்பதில்லை. குனிந்து கையைப் பார்த்தான். பெருவிரல். சுட்டுவிரல். சுண்டுவிரல். நடுவில் வெளுத்து வழவழத்த பழைய தழும்பு. பல வருடத் தழும்பு. இரத்தமில்லை. நோவில்லை.

கஜானி வாசலில் நின்றாள். முகம் மலர்ந்திருந்தது. அவனுக்கு அவள் காட்டி வெகுகாலமான முகம்.

"தேத்தண்ணி ஆறப்போகுது, குடியுங்கோ நிதர்சன் அண்ணை. அவர் இப்ப வந்திடுவார். வேலணையில ஆற்றையோ மோட்டர் பழுதாம்."

கஜானி, நான்தான், என்று சொல்ல வாயைத் திறந்தான்.

"ஆறுதலா வரட்டும். எனக்கு அவசரமில்லை," என்றது வாய்.

"ஆள் கொஞ்சம் கோவக்காரன்தான். உங்களில மட்டும் சரியான மதிப்பு அண்ணை. எப்ப பாத்தாலும் உங்கட கதைதான்."

வெளியே மோட்டர் சைக்கிள் வந்து நின்றது. ஒரு இருமல் கேட்டது. அந்த இருமலை அவனுக்குத் தெரியும். நாற்பத்தொரு வருடம் அவன் தொண்டைக்குள் இருந்த இருமல். படலைக்கு மேலால் ஒரு இடக்கை வந்து கொழுக்கியைக் கழற்றியது. ஐந்து விரல். நகங்களில் கிறீஸ்.

எழும்பப் பார்த்தான். கால் எழும்பவில்லை. விருந்தாளிக்குப் போட்ட கதிரையில், விருந்தாளியாக, மடியில் மூன்று விரலோடு இருந்தான்.

வந்தவன் செருப்பைக் கழற்றினான். தயாபரனின் முகம். தயாபரனின் தோள். நெற்றி வியர்வையைப் புறங்கையால் வழித்துவிட்டு, கஜானியைப் பார்த்தான், அவள் முகத்தில் இருந்த மலர்ச்சியைப் பார்த்தான், அது யாருக்காக என்று பார்த்தான்.

"எப்ப வந்தனீர்?"

"இப்பதான் தயா."

வந்தவன் கதிரைக்குப் பின்னால் வந்து நின்று திரையை எட்டிப் பார்த்தான். வலப்பக்கம் மேலிருந்து கீழ்வரை பச்சை. கழுத்துக்குப் பின்னால் மூச்சு ஒருகணம் நின்றது. கதிரையில் இருந்தவன் ஆறு வருடமாக அடக்கிவைத்த அதே மூச்சு.

"சும்மா சொல்லக்கூடாது," என்றான் வந்தவன். "உம்மட மிஷின்தான் மிஷின்."

கை தோளில் விழுந்தது. அன்பாகத்தான் விழுந்தது. பிறகு விரல்கள் ஒவ்வொன்றாக, மெதுவாக, சதைக்குள் இறங்கின. ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து.